ஒரே நாளில் கேப், கம்ப்யூட்டர் பார்த்து இம்ப்ளான்ட்: காசுக்குத் தகுமா?

கோவையில் நான் போகிற பல் கிளினிக்கில் 'டிஜிட்டல் டென்டிஸ்ட்ரி' என்று பெரிதாக போர்டு வைத்திருக்கிறார்கள். ரூட் கெனால் செய்த ஒரு கடைவாய்ப் பல்லுக்கு கேப், கீழ்த்தாடையில் பல் போன இடத்துக்கு இம்ப்ளான்ட் (எலும்புக்குள் இறக்கும் திருகு, அதன்மேல் பல்), இரண்டையும் அங்கேதான் செய்துகொண்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேப்புக்கு தாராளமாகப் போகலாம், இம்ப்ளான்டுக்குத் துளை போட வழிகாட்டியாக வைக்கிற 'கைடு' என்ற அச்சுக்கு எல்லோரும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

வாய் நிறையக் கூழை அப்பி, குமட்டலை அடக்கிக்கொண்டு அளவு கொடுத்தவர்களுக்கு ஸ்கேனரின் அருமை புரியும். சின்ன கேமரா வைத்த ஒரு கோலை வாய்க்குள் மெதுவாக நகர்த்துகிறார்கள், பக்கத்துத் திரையில் நம் பற்கள் முப்பரிமாணத்தில் வளர்ந்துகொண்டே வருகின்றன. ஆனால் வெளிச்சம் படாத இடம் அதற்குத் தெரியாது. கேப்புக்காகச் செதுக்கிய பல்லின் விளிம்பு ஈறுக்குக் கீழே போய், கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ மூடிக்கொண்டால் படம் மழுங்கிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. டாக்டர் சளைக்காமல் ஈறைச் சுற்றி நூல் செருகி ஒதுக்கி, அந்தத் துண்டை மட்டும் திரையில் அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்தார். கேப் விளிம்பில் இடைவெளி விட்டால் உள்ளே மறுபடி சொத்தை விழும் என்பதால், இந்தப் பொறுமைக்குத்தான் நான் மார்க் போடுவேன், மெஷினுக்கு அல்ல.

'ஒரே நாள்' என்பது பொருளைப் பொறுத்தது. ஸ்கேன் படத்தை வைத்து மெஷின் கேப்பை ஒரு பீங்கான் கட்டியிலிருந்து வெட்டியெடுக்கிறது. லித்தியம் டைசிலிகேட் என்ற வகைக் கட்டி ஊதா நிறத்தில் வருகிறது, தண்ணீர் பீய்ச்ச வைர முனைகள் அதைக் குடைந்து பல்லாக்குகின்றன, அப்புறம் ஏறக்குறைய 850 டிகிரி உலையில் வைத்தால்தான் பல் நிறமும் உறுதியும் வரும். ஜிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான் வேறு கதை: சுண்ணாம்புக்கட்டி மாதிரி மிருதுவாக இருக்கும்போதே 20 முதல் 25 சதவீதம் பெரிதாக வெட்டி, சுமார் 1,500 டிகிரியில் சுட்டுச் சுருங்க வைக்கிறார்கள், சாதாரண உலையில் அதற்கே பல மணி நேரம் ஆகும். இதைப் 'புத்தம் புதிய தொழில்நுட்பம்' என்று விளம்பரம் செய்வது கொஞ்சம் ஓவர். பல் மருத்துவர் வெர்னர் மோர்மானும் பொறியாளர் மார்க்கோ பிரான்டெஸ்டினியும் உருவாக்கிய, கிளினிக்கிலேயே ஸ்கேன் செய்து வெட்டும் செரெக் முறையில் 1985-லேயே ஜூரிக்கில் நோயாளிக்குச் சிகிச்சை செய்துவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கேப் ஒட்டியபோது கடி கொஞ்சம் உயரமாக இருந்தது, மரத்துப்போன வாயோடு நமக்கு அது சரியாகத் தெரிவதுமில்லை. கலர் பேப்பர் கடிக்கச் சொல்லித் தேய்த்தார்கள், தேய்த்த இடத்தைப் பளபளப்பாக்காமல் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொரசொரப்பு நாக்குக்கு மட்டும் தொந்தரவு இல்லை, எதிர்ப்பல்லையும் அரித்துவிடும். திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இம்ப்ளான்டுக்கு தாடையை சிபிசிடி ஸ்கேன் (எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்து, அதன்மேல் வாய் ஸ்கேனைப் பொருத்தி, திருகு எங்கே எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று திரையிலேயே முடிவு செய்கிறார்கள். பிறகு ஓட்டை வைத்த ரெசின் கைடு ஒன்றை 3டி பிரின்டரில் அச்சடித்து, அதன் வழியாகத் துளைக்கிறார்கள். கீழ்த்தாடை நரம்பு பக்கத்தில் ஓடுகிறது, எலும்பு ஒல்லி, வரிசையாகப் பல பற்கள் வைக்க வேண்டும் என்றால் இதற்குக் கொடுக்கிற காசு வீணில்லை. எலும்பு தாராளமாக இருக்கிற ஒற்றைப் பல்லுக்கு, கை தேர்ந்த டாக்டர் என்றால், அவ்வளவு அவசியமில்லை. கைடு வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகல் வரலாம், அதனால்தான் நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டுத் திட்டமிடுகிறார்கள். இன்னொன்று, கைடின் உயரத்துக்கு ஏற்ப டிரில்லும் நீளமாக இருப்பதால் கடைசிப் பல்லுக்கு வாயை ரொம்பவே திறக்க வேண்டும், தாடை வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள ஆகும் மாதங்களை எந்த சாஃப்ட்வேரும் குறைக்கவில்லை.

பில்லில் எந்தக் கட்டி, எந்தக் கம்பெனி என்று எழுதி வாங்குங்கள். ஸ்கேன் ஃபைலையும் கேளுங்கள். இங்கே முதலில் தயங்கினார்கள், அப்புறம் மெயிலில் அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் கூட்டம் அதிகம், காலையில் போனால் டாக்டர் திரையைக் காட்டி நிதானமாகப் பேசுகிறார்.