கண்ணைக் கசக்கினால் அதிரும் வாட்ச்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

என் மகனுக்கு 13 வயது. அலர்ஜியால் எப்போதும் கண் அரிப்பு. போன வருடம் கண் மருத்துவர், கண்ணின் முன்புற வளைவை அளக்கும் டோப்போகிராபி எடுத்துப் பார்த்துவிட்டு, கெரட்டோகோனஸ் தொடங்கியிருக்கிறது என்றார். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கண்ணாடி போன்ற படலமான கார்னியா மெலிந்து கூம்பு போல முன்னே தள்ளிக்கொண்டு வரும் நோய். நல்ல கண்ணிலேயே கார்னியாவின் நடுப்பகுதியின் தடிமன் அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம்தான் அதிகம். ரைபோபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டி கார்னியாவை உறுதியாக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை முடிந்தது. அதற்குப் பிறகும் மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னது, கண்ணைக் கசக்கவே கூடாது என்பதுதான்.

நானும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அம்மா, நான் எங்கே கசக்கினேன்?" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. கை தானாகப் போகிறது. கசக்கக் கசக்க, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் இன்னும் சுரந்து அரிப்பும் கூடுகிறது. அதனால்தான் இந்த ஸ்மார்ட் வாட்சையும் அதற்கான செயலியையும் வாங்கினேன்.

கை எழுவது, மணிக்கட்டு திரும்புவது, அப்புறம் வரும் குட்டி குட்டியான வேக அசைவு எல்லாவற்றையும் வாட்சின் சென்சார்கள் பதிவு செய்கின்றன. அது கசக்கலா, தலை வாருவதா என்று செயற்கை நுண்ணறிவு பிரித்துப் பார்க்கிறது. கசக்கல் என்றால் உடனே அதிர்கிறது. முதல் வாரம் நாம்தான் அசைவுகளைச் செய்துகாட்டிப் பழக்க வேண்டும். கண்ணைத் தொட்டுக் காட்ட நான் விடவில்லை, புருவ எலும்பின் மேல் செய்யச் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது. அந்த எச்சரிக்கையைச் செயலியே சொல்லியிருக்க வேண்டும்.

முகம் கழுவினாலும் மூக்கைத் துடைத்தாலும் சில நேரம் அதிரும். அது பரவாயில்லை. விரல் முட்டியைக் கண்ணில் வைத்து அசையாமல் அழுத்துகிறானே, அதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறது. மணிக்கட்டு அசையாவிட்டால் சென்சாருக்கு எதுவும் தெரிவதில்லை. எனக்கு அந்த அழுத்தல்தான் அதிக பயம். தலையணையில் முகம் புதைத்துத் தூங்குவதையும் இது காட்டாது.

ஆனால் நேரவாரியான வரைபடத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன். பள்ளியில்தான் அதிகம் கசக்குகிறான் என்று நினைத்திருந்தேன். படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் குவிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மருத்துவர் அலர்ஜி சொட்டு மருந்தின் நேரத்தை மாற்றினார். இப்போது அந்த நேரத்தில் குளிர்ந்த ஈரத்துணியும் பக்கத்தில் இருக்கும். முதல் வாரம் நாளுக்கு 40 முறைக்கு மேல் காட்டியது, போன வாரம் 12. அதிர்ந்தால் அவனே துணியை எடுத்துக்கொள்கிறான். நான் கத்துவதும் நின்றுவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வலது கையில் கட்டினால் இடது கையால் கசக்குவது பதிவாகாது. ஒரே செயலியில் இரண்டு கைகளையும் சேர்க்க முடியும் என்பதால், இடது கைக்கும் ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன்.