ஈஆர்ஏவா, எஃப்ஐபியா? ஃபேண்டஸி பேஸ்பாலில் எதை நம்பிப் பிட்சரை எடுப்பது

ஃபேண்டஸி பேஸ்பாலில் (நிஜ வீரர்களை வைத்து நாமே அணி சேர்த்து, அவர்கள் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி வாங்கும் ஆட்டம்) முக்கால்வாசிப் பேர் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரைத் தேடும்போது முதலில் பார்ப்பது ஈஆர்ஏதான், அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, ஒரு முழு ஆட்டத்துக்கு, எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு (ஃபீல்டர் செய்த பிழையால் வந்த ரன் இதில் சேராது). தப்பில்லை, பல லீக்குகளில் புள்ளி கிடைப்பதே அதற்குத்தான். ஆனால் சீசன் ஆரம்பத்தில் அது நன்றாக ஏமாற்றும். மூன்று ஆட்டங்களில் 18 இன்னிங்ஸ் வீசி 4 ரன் கொடுத்தவரின் ஈஆர்ஏ 2.00. நான்காவது ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 ரன் கொடுத்துவிட்டு வெளியேறினால் 4.26. ஆள் அதே ஆள்தான், ஆனால் அன்று ராத்திரியே யாராவது அவரைக் கழற்றிவிட்டிருப்பார்கள்.

எஃப்ஐபி என்ற இன்னொரு கணக்கு பிட்சர் கையில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஹோம் ரன்னை 13ஆலும், வாக்கையும் (நான்கு தவறான பந்துக்குப் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) பேட்டர் உடம்பில் பட்ட பந்தையும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து ஸ்ட்ரைக்அவுட்டின் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) இரண்டு மடங்கைக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, ஈஆர்ஏ அளவுக்குக் கொண்டுவர 3.1ஐ ஒட்டிய ஒரு எண்ணைக் கூட்டுவார்கள். மைதானத்துக்குள் விழுந்த பந்தை ஃபீல்டர் பிடித்தாரா விட்டாரா என்ற பேச்சே இல்லை.

அப்படியென்றால் எஃப்ஐபிதான் ஒசத்தி என்று முடித்துவிடலாமா? ரிக்கி நோலாஸ்கோ என்ற பிட்சரை நம்பியவர்களைக் கேளுங்கள். 2009இல் 195 ஸ்ட்ரைக்அவுட், 44 வாக், எஃப்ஐபி 3.35, ஈஆர்ஏ மட்டும் 5.06. அடுத்த வருஷம் எல்லாம் சரியாகும் என்று மலிவாக வாங்கிப் போட்டால் 2010இல் 4.51, 2011இல் 4.67. நேர்மாறாக கைல் ஹெண்ட்ரிக்ஸ்: 2016இல் எஃப்ஐபி 3.20, ஈஆர்ஏ 2.13. வேகம் கிடையாது, ஆனால் பேட்டில் அழுத்தமாகப் படாமல் வீசத் தெரிந்தவர், பின்னால் அவருடைய அணி கப்ஸின் அந்த வருஷத்து அருமையான ஃபீல்டிங் வேறு. எஃப்ஐபிக்கு இந்த இரண்டுமே கண்ணில் படாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவதான ஒன்று, சந்தித்த பேட்டர்களில் ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் வருவது. கால்குலேட்டர்கூட வேண்டாம். ஹோம் ரன் எண்ணிக்கை சீசன் ஆரம்பத்தில், ஏப்ரலில் தாறுமாறாக ஏறி இறங்கும், அது எஃப்ஐபியையும் சேர்த்து இழுத்துவிடும். இந்தக் கழித்தல் கணக்கு சில ஆட்டங்களிலேயே ஓரளவு நிலைக்கு வந்துவிடுகிறது.

அப்புறம் ஈஆர்ஏவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நம்மோடு வீரர்களை மாற்றிக்கொள்ள வரும் எதிராளி பார்க்கிற எண் அது. பிளேக் ஸ்னெல் 2023இல் 99 வாக் கொடுத்தும் 2.25 ஈஆர்ஏவோடு சை யங் விருது (வருஷத்தின் சிறந்த பிட்சருக்கானது) வாங்கினார், எஃப்ஐபி 3.44. விற்க வேண்டிய ஆள் என்றால் அவர்தான். 2024இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஈஆர்ஏ 9.51 ஆனபோது பதறிப்போய் விட்டவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். சீசனை அவர் முடித்தது 3.12இல். அந்த நேரத்தில் அவரைச் சும்மா எடுத்து வைத்தவருக்கு ஆகஸ்டில் ஒரு நோ-ஹிட்டரும் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) கிடைத்தது.