துபாய் டான்ஸ் வேலைக்கு விசிட் விசாவில் போகாதீர்கள்

ஆடல் பாடல் ட்ரூப்பில் ஆடும் தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழா இருக்கும். அப்புறம் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏஜென்ட் வந்தார். "ஹோட்டலில் ஸ்டேஜ் டான்ஸ் மட்டும்தாம்மா, மூன்று மாதம், மாதம் 60,000 ரூபாய்" என்றார். நகையை அடகு வைத்து 40,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நம்ம பிள்ளைக்கு எதுக்கும்மா ரசீது" என்று சொல்லிவிட்டார்.

துபாயில் இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஃபிளாட்டில் ஒன்பது பேர், வெளிப்பக்கம் பூட்டு. இரவு வேனில் கூட்டிப்போய் விடிகாலை கொண்டுவந்து விடுவார்கள். ஆட்டம் பேருக்குத்தான். கஸ்டமர் பணம் கட்டி நமக்கு மாலை போடுவார், கிரீடம் வைப்பார். அந்தப் பணம் ஹோட்டல் பாருக்குப் போகும். மாதம் இத்தனை மாலை என்று ஆளுக்கொரு டார்கெட். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், இல்லையென்றால் கஸ்டமரோடு வெளியே போகச் சொல்லி நெருக்குவார்கள். நான் மறுத்தேன். ஒரு மாதச் சம்பளம்கூடக் கைக்கு வரவில்லை.

பத்தாவது முடிக்காததால் என் பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டிய வகை. முப்பது வயதுக்குட்பட்ட ஈசிஆர் பெண்களுக்கு அமீரக வேலைக்கு அனுமதி கிடைக்காது. அதை மறைக்கத்தான் விசிட் விசா. அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். "போலீசுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள்" என்று அதையே சொல்லி மிரட்டினார்கள்.

எனக்கு அப்போது தெரியாததைச் சொல்கிறேன். ஹோட்டல் மேடையில் ஆட, ஆடுபவர் பெயரிலேயே சுற்றுலாத் துறை பெர்மிட் வேண்டும். கிளம்பும் முன்பே அதையும் ஒப்பந்தத்தையும் கேளுங்கள். அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டப்படி முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, ஆள் எடுக்கும் செலவையும் நம்மிடம் வாங்கக் கூடாது. இங்கே இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பார்க்கலாம்.

கட்டடத்தைச் சுத்தம் செய்ய வந்த ஒரு அண்ணன் ஜன்னல் வழியாகத் தன் போனைக் கொடுத்தார். துபாயில் இந்தியர்களுக்கான இலவச உதவி எண் 80046342. அவருக்கு அது மனப்பாடமாக இருந்தது. அதனால்தான் ஊர் திரும்பினேன்.

நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஏஜென்ட் இப்போது வேறு பெயரில் ட்ரூப் ட்ரூப்பாகப் போய்ப் பேசுகிறாராம்.