திருகோணமலைக் கடற்காற்றில் துணிக்கை எண்ணி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

உள்ளங்கையில் அடங்கும் ஒளியியல் துணிக்கை எண்ணியொன்றைச் சிறிய ட்ரோனில் பொருத்தி, நிலாவெளிக் கரைக்கு மேலுள்ள காற்றைச் சில வருடங்களாக அளந்து வருகிறேன். உள்ளிழுக்கப்படும் காற்று லேசர் கதிரைக் கடக்கையில், ஒவ்வொரு துணிக்கையும் சிதறடிக்கும் ஒளியின் அளவைக் கொண்டு அதன் பருமனைக் கருவி கணிக்கிறது. ஆய்வு விமானங்களின் இறக்கைக்குக் கீழே தொங்கும் பெரிய கருவிகள் பலவும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன, 'பிகாஸ்ப்' 0.1 முதல் 3 மைக்ரோமீற்றர் வரையான தூசுத் துணிக்கைகளை எண்ணும், முகில் துளிகளுக்கான கருவி 2 முதல் 50 மைக்ரோமீற்றர் வரையான நீர்த்துளிகளை எண்ணும். என்னுடையது 0.35 மைக்ரோமீற்றருக்குச் சிறியவற்றைக் காண்பதேயில்லை. ஆகவே வாகனப் புகையிலும் விறகுப் புகையிலும் உள்ள துணிக்கைகளில் பெரும்பாலானவை இதற்குத் தப்பிவிடுகின்றன.

ஆனால் இங்கே பெரிய சிக்கல் ஈரப்பதன்தான். சாரீரப்பதன் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் அதில் உள்ளது என்ற அளவு) ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் கடலுப்பின் முக்கிய கூறான சோடியம் குளோரைட்டு நீரை உறிஞ்சிக் கரைசல் துளியாகிவிடுகிறது. 80 சதவீதத்தில் அதன் விட்டம் உலர்நிலையில் இருந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கருவிக்கோ உப்பும் நீரும் ஒன்றே. வாடைக் காற்றுக் காலத்து விடியற்காலையில் எண்ணிக்கை எகிறுவதைப் பார்த்து, காற்று மாசடைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் அது தவறான முடிவு. வரண்ட கச்சான் வீசும் மாதங்களின் பகற்பொழுது அளவீடுகளை நான் கூடுதலாக நம்புகிறேன். எனினும் அலையிலிருந்து ஈரத்தோடு கிளம்பிய உப்புத் துளி, சாரீரப்பதன் ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு இறங்கும்வரை பளிங்காகாமல் பருத்தே இருக்கக்கூடும் என்பதால், 60 சதவீதக் காற்றைக்கூட உலர்ந்தது எனக் கொள்ள முடியாது. உள்ளிழுக்கும் குழாயில் சிலிக்கா ஜெல் உலர்த்தி சேர்த்த பிறகே வெவ்வேறு நாட்களின் அளவீடுகளை ஒப்பிடும் துணிவு எனக்கு வந்தது.

குழாயின் வாய் சுழலிகளுக்கு நன்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிடில் கீழ்நோக்கித் தள்ளப்படும் காற்றே அளவீட்டைக் கெடுக்கும். ஒளியறையில் உப்புப் படிவதால், பறக்கவிடுமுன் துணிக்கைகளைத் தடுக்கும் நுண்வடியொன்றைக் குழாயில் பொருத்தி எண்ணிக்கை பூச்சியத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சீனக்குடா விமானத்தளம் அருகிலேயே இருக்கிறது. முன்அனுமதி பெறாமல் இங்கு எதையும் பறக்கவிடலாகாது.

இக்கருவி எட்டும் உயரம் மிகச் சிறிது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999 இல் மாலைதீவைத் தளமாகக் கொண்ட 'இண்டோயெக்ஸ்' ஆய்வு, தென்னாசியப் புகைமூட்டம் இந்து சமுத்திரத்தின் மேல் 3 கிலோமீற்றர் உயரம் வரை பரவியிருந்ததைக் காட்டியது. 2006 இல் மாலைதீவின் ஹனிமாதூ தீவில் ஆளில்லா விமானங்கள் முகிலுக்குக் கீழும் உள்ளும் மேலும் ஒரே வேளையில் பறந்து அளந்தன. அந்த வேலைக்கு இது உதவாது. கடற்கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல உப்பு எப்படிக் குறைகிறது, கடற்காற்று நுழையும் வேளையில் தரையை ஒட்டிய காற்றுப்படை எப்படி மாறுகிறது என்பவற்றை ஒரே நாளுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும். வாங்குவோர் சாரீரப்பதன் உணரியையும் சேர்த்தே வாங்கி, அதை ட்ரோனின் உடலில் அல்லாமல் லேசர் அறைக்குள் செல்லும் காற்றின் பாதையிலேயே பொருத்த வேண்டும்.