இடக்காது கேட்காமல் போனபோது: ஒரு காது மருத்துவமனை அனுபவம்

காலையில் எழுந்து தொலைபேசியை இடக்காதில் வைத்தேன். மறுமுனையில் பேச்சே இல்லை. வலக்காதுக்கு மாற்றியதும் தெளிவாகக் கேட்டது. முதலில் பார்த்த மருத்துவர் அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நானும் நம்பி ஐந்து நாள்கள் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாள்களின் விலை, ஆறாம் நாள் இந்தக் காது மருத்துவமனைக்கு வந்த பிறகே புரிந்தது.

இங்குள்ள மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். நல்ல காதுப் பக்கம் என்றேன். அழுக்கு அடைத்திருந்தால் அடைத்த காதில்தான் உரக்கக் கேட்டிருக்கும், ஆகவே கோளாறு உள்காதிலோ நரம்பிலோதான் என்று விளக்கி, அன்றே ஒலிபுகா அறையில் சோதனைக்கு அனுப்பினார். அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலுக்குக் குறையாத இழப்பு 72 மணி நேரத்துக்குள் ஏற்பட்டால் அது திடீர் செவித்திறன் இழப்பு. என் வரைபடம் அதையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

ஸ்டீராய்டு மாத்திரையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே நல்லது என்பதால் அன்று மாலையே தொடங்கினார்கள். அதற்கு முன் சர்க்கரை நோய் உண்டா என்று இருமுறை கேட்டதைக் குறிப்பிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது, மருத்துவர் பொய் நம்பிக்கை தராததுதான். பெரும்பாலானோருக்குக் காரணமே தெரிவதில்லை, சிலருக்கு மருந்தில்லாமலே திரும்புகிறது, ஆனால் இழப்பு கடுமையாக இருந்தாலோ, தலைச்சுற்றல் சேர்ந்திருந்தாலோ, வயது கூடியிருந்தாலோ, சிகிச்சை தாமதமானாலோ வாய்ப்பு குறைகிறது என்றார். எனக்குத் தலைச்சுற்றல் இல்லை. தாமதம் மட்டும் இருந்தது. வைரஸ் மருந்து, ரத்த ஓட்ட மாத்திரை என்று எதையும் கூடுதலாக எழுதவில்லை. நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. மட்டும் எடுக்கச் சொன்னார்.

மாத்திரையால் கேட்கும் திறன் பாதிதான் திரும்பியதால், செவிப்பறை வழியே நடுக்காதில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலியைவிட, மருந்து இறங்கியதும் அறையே ஒரு சுற்றுச் சுற்றியதும், அதன்பின் எச்சில் விழுங்காமல் ஒருக்களித்து அரைமணி நேரம் படுத்திருந்ததும்தான் கடினம். இப்போது தாழ்ந்த ஒலிகள் திரும்பிவிட்டன. கீச்சுக் குரல்கள் இன்னும் மங்கல்தான்.

குறைகளும் உண்டு. காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலைப் பற்றி நானாகக் கேட்கும் வரை யாரும் பேசவில்லை. இன்னொன்று எனக்குச் சிரிப்பையே வரவழைத்தது: காது கேளாதவர்கள் வரும் இடத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள், எண் காட்டும் பலகை கிடையாது. இருமுறை என் முறை போய்விட்டது. செல்பவர்கள் நல்ல காது கண்ணாடித் தடுப்புப் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் உட்காருங்கள்.