ஏடிஹெச்டி மதிப்பீடு: டாக்டரா, சைக்காலஜிஸ்டா, அரசு மருத்துவமனையா, ஆன்லைனா?

"பையன் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறான், யாரிடமாவது காட்டிப் பாருங்கள்" என்று பள்ளியில் சொல்லி அனுப்பினால், அன்றிரவே பெற்றோர் தேடுவது 'ஏடிஹெச்டி டெஸ்ட்' எங்கே எடுப்பார்கள் என்பதைத்தான். ஏடிஹெச்டி என்பது கவனம் நிலைக்காமலோ, அளவு மீறிய துறுதுறுப்போடும் அவசரத்தோடுமோ இருக்கும் நிலை. சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பதுபோல இதற்கு ஒரு டெஸ்ட் கிடையாது. ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலோ, ரத்தத்திலோ ஏடிஹெச்டி தெரியாது. கேட்டும் பார்த்தும் விசாரித்தும்தான் முடிவுக்கு வர வேண்டும். ஆகவே யார் விசாரிக்கிறார், யார் யாரை விசாரிக்கிறார் என்பதைப் பொறுத்தே மதிப்பீட்டின் தரம் அமையும். கட்டடம் எவ்வளவு பெரியது, ரிப்போர்ட் எத்தனை பக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் இன்று நான்கு வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் அளவுகோல் ஒன்றே. பெரும்பாலானோர் பின்பற்றும், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டில் கவனமின்மைக்கு 9 அறிகுறிகளும், துறுதுறுப்பு மற்றும் அவசரத்துக்கு 9 அறிகுறிகளும் உள்ளன. குழந்தைக்கு ஏதாவது ஒரு தொகுதியில் 6 இருக்க வேண்டும், 17 வயது நிரம்பியவர்களுக்கு 5 போதும். அவை 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். வேறு காரணத்தால் வந்தவையாக இருக்கக் கூடாது. இதில் கடைசி மூன்றையும் விசாரிக்காமல் எழுதப்பட்ட ரிப்போர்ட் யாருடைய கையெழுத்தில் இருந்தாலும் பயன்படாது.

மருத்துவர் வழி

குழந்தை என்றால் குழந்தைகள் மனநல மருத்துவர் அல்லது குழந்தை வளர்ச்சியைக் கவனிக்கும் டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியன். 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஏடிஹெச்டி போலத் தெரியும் மற்ற பிரச்சினைகளைப் பிரித்துப் பார்க்க இவர்களால்தான் முடியும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும், கரும்பலகை தெரியாத பிள்ளையும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விட்டு அரைத்தூக்கத்தில் பள்ளிக்கு வரும் பிள்ளையும் வகுப்பில் 'கவனிக்காத' பிள்ளைகள்தான். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் மட்டுமே இ.இ.ஜி. தேவை. எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கும் இடத்தில் ஏன் என்று கேளுங்கள்.

முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆக வேண்டும். கர்ப்பகாலம், பிரசவம், நடந்த வயது, பேசிய வயது, தூக்கம், குடும்பத்தில் யாருக்காவது இதேபோல் இருந்ததா என்று கேட்பார்கள். பிள்ளை அந்த அறையில் சமத்தாக உட்கார்ந்திருந்தால் பெற்றோருக்குப் பதற்றம் வரும். புது இடம், புது ஆள், தன் மேலேயே எல்லார் கவனமும் இருக்கும் அரைமணி நேரத்தில் ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளும் அடங்கி இருப்பார்கள். அதை வைத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால் அது மதிப்பீடு ஆகாது.

பிறகு படிவங்கள். 6 முதல் 12 வயது வரை அதிகம் பயன்படுவது வாண்டர்பில்ட். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0, 'மிக அடிக்கடி' என்பதற்கு 3. எண்ணிக்கையில் சேர்வது 2-ம் 3-ம் மட்டுமே. முதல் 9 கேள்விகளில் 6-க்கு அப்படி விடை வந்து, கடைசிப் பகுதியில் படிப்பிலோ பழகுவதிலோ சிரமம் என்றும் குறித்திருந்தால் கவனமின்மைப் பக்கம் பார்க்கலாம். அடுத்த 9 துறுதுறுப்புக்கு. நடுவில் அடம், பதற்றம், மனச்சோர்வு பற்றிய கேள்விகளும் வரும். பலர் அவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பிள்ளையின் பிரச்சினை பயமா கவனமின்மையா என்பது அங்கேதான் முதலில் தெரியவரும்.

மதிப்பீடு கெட்டுப்போவது பெரும்பாலும் ஆசிரியர் படிவத்தில்தான். ஜூனில் பள்ளி திறந்த கையோடு கொடுத்தால் புது டீச்சருக்குப் பிள்ளையின் பெயர்கூட மனதில் நின்றிருக்காது. ஆகஸ்ட் வரை பொறுங்கள். பெற்றோர் கூட்டத்தில், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது நீட்டினால் எல்லாவற்றுக்கும் 2 போட்டுத் தந்துவிடுவார். ஆறாம் வகுப்புக்கு மேல் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பீரியட்தான் பார்க்கிறார். கணக்கு ஆசிரியரிடம் ஒன்று, தமிழ் ஆசிரியரிடம் ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். இரண்டிலும் ஒரே படம் வந்தால் நம்பலாம். கணக்கு வகுப்பில் மட்டும் என்றால் அது கணக்குப் பிரச்சினையாகவே இருக்கக்கூடும்.

பள்ளிக்குத் தெரிந்தால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று படிவத்தையே கொடுக்காத பெற்றோரும், டியூஷன் டீச்சரை நிரப்பச் சொல்பவர்களும் நிறைய. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஐந்து பிள்ளைகள் உள்ள டியூஷன் வேறு, நாற்பது பேர் வகுப்பு வேறு. மருத்துவரிடம் சொல்லி, நோயின் பெயர் இல்லாத ஒரு கடிதத்தோடு கேள்விகளை மூடிய உறையில் அனுப்பச் சொல்லலாம். பல மருத்துவர்கள் மறுப்பதில்லை.

6 வயதுக்குக் கீழ் என்றால் அவசரம் வேண்டாம். 3 வயதில் துறுதுறுப்பு என்பது வயதின் இயல்பு. அந்த வயதில் நல்ல மருத்துவர் பட்டம் சூட்டாமல் பேச்சு, காது, பழகும் விதம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியில் தொடங்குவார்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வழி

இவர்கள் மருத்துவர்கள் அல்ல, உளவியல் நிபுணர்கள். நேரம் தருவார்கள். அதுதான் இந்த வழியின் பெரிய பலம். இரண்டு மூன்று அமர்வுகள், எழுத்து வடிவில் விரிவான ரிப்போர்ட், பள்ளிக்கான பரிந்துரைகள். மாத்திரை எழுத முடியாது.

விளம்பரங்களில் 'முழு பேக்கேஜ்' என்று ஐ.க்யூ. டெஸ்டையும் சேர்த்துத் தருவார்கள். மாலின், பினே காமத், வெக்ஸ்லர் என்று எந்த ஐ.க்யூ. டெஸ்டும் ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்காது. கணினித் திரையில் எழுத்து வரும்போது பட்டனை அழுத்தும் கவனச் சோதனையும் தனியாக நின்று முடிவு சொல்லாது. ஆனால் பிள்ளை மதிப்பெண்ணில் மிகவும் பின்தங்கியிருந்தால், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறினால், ஐ.க்யூ. டெஸ்டும், பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் கற்றல் குறைபாட்டுச் சோதனையும் கட்டாயம் வேண்டும். ஏடிஹெச்டியும், வாசிப்பில் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவும் பல பிள்ளைகளிடம் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து மருந்து தொடங்கினால், உட்கார்ந்து படிக்கிறான், படித்தது ஏறவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருவீர்கள்.

ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவர் மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். எம்.ஏ. உளவியல் முடித்த கவுன்சிலர் நல்ல கவுன்சிலராக இருக்கலாம். இந்த மதிப்பீட்டில் கையெழுத்திடும் தகுதி அவருக்குக் கிடையாது. ஆர்.சி.ஐ. பதிவு எண் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும்.

தேர்வுச் சலுகைக்காக இந்தப் பக்கம் வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழும் வழக்கமாக 8 வயதுக்குப் பிறகு அரசு மருத்துவக் குழுவிடம்தான் கிடைக்கும். தனியார் ரிப்போர்ட் அந்தக் குழுவுக்குத் துணை ஆவணம் மட்டுமே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு தொடங்கினால் எதுவும் நடக்காது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

அரசு வழி

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கப்படும் நிலைகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு சந்தேகப்பட்டால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுக்கும். தனியார் பள்ளிப் பிள்ளையை நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி.க்கு அழைத்துப் போகலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் ஆகியவை உண்டு. சிக்கலான நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ்.

பெரிய மருத்துவமனையில் காது, கண், மனநலம், சைக்காலஜி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது தனியாரிடம் காண முடியாத வசதி. செலவும் பயணச் செலவுதான். குறை, நேரம். கூட்ட நாளில் டாக்டர் பத்து நிமிடம் கொடுப்பதே அரிது. போன தடவை பார்த்த பயிற்சி மருத்துவர் இந்தத் தடவை வேறு பிரிவில் இருப்பார். சைக்காலஜி டெஸ்டுக்குத் தனித் தேதி. ஆகவே ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: என்ன பிரச்சினை, எந்த வயதிலிருந்து, வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி, தூக்கம், இதுவரை பார்த்த மருத்துவம். அதை ஓ.பி. சீட்டோடு பின் செய்துவிட்டால் அடுத்த முறை எந்த டாக்டர் இருந்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் படிவத்தை நீங்களே முன்கூட்டி வாங்கிப் போனால் ஒரு நடை மிச்சம். மூன்று நாலு நடை ஆனாலும், பொறுமையாக முடித்தால் தனியாரின் அவசர ரிப்போர்ட்டைவிட இது மேல் என்பதே எங்கள் கருத்து.

ஆன்லைன் வழி

குழந்தைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். செல்போன் திரைக்குள் இரண்டு நிமிடம் தெரிந்து மறையும் பிள்ளையைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு முதல் படியாக உதவும். பெரியவர்கள் தாங்களே நிரப்பும், உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ். படிவத்தில் முதல் 6 கேள்விகளில் 4-க்கு வரம்பைத் தாண்டினால் மேலே பார்க்க வேண்டும் என்று பொருள். அதன் பொருள் அவ்வளவே. பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களும் அதில் எளிதாக 4 தொட்டுவிடுவார்கள்.

இன்னொரு தடை சட்டத்தில் இருக்கிறது. ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட், கடும் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான அட்டவணை எக்ஸில் உள்ள மருந்து. 2020-ம் ஆண்டு தொலை மருத்துவ விதிகளின்படி அதை வீடியோவில் பார்த்து எழுதவே கூடாது. நேரில் பார்த்தவர் இரண்டு பிரதியாக எழுதித் தர வேண்டும், ஒன்றை மருந்துக் கடைக்காரர் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். தொடங்கும் முன் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு குறித்திருக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா, இதயக் கோளாறு உண்டா என்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

பெரியவர்கள் எங்கே போவது?

பிள்ளையின் படிவத்தை நிரப்பும்போதே "இதெல்லாம் எனக்கும் உண்டே" என்று அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தோன்றுவது சகஜம். இது குடும்பவழி வரக்கூடியதுதான். பெரியவர்களுக்கு மனநல மருத்துவரே முதல் இடம். ஏடிஹெச்டிக்கும் மனச்சோர்வு, பதற்றம், இருதுருவக் கோளாறு (பைபோலார்), தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் திணறல், குடி ஆகியவற்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் எல்லா மனநல மருத்துவரும் பெரியவர்களுக்கு இதைப் பார்ப்பதில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்: பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்ப்பீர்களா, எவ்வளவு நேரம், வீட்டிலிருந்து யாரை அழைத்து வர வேண்டும்? "பெரியவங்களுக்கு அது வராது" என்பவரிடமும், பத்தே நிமிடத்தில் மாத்திரை எழுதுபவரிடமும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முறையான நேர்காணலுக்கு டிவா-5 போன்ற கேள்விக்கட்டு உண்டு. ஒன்றரை மணி நேரமாவது ஆகும். 18 அறிகுறிகளையும் இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி என்று இரண்டு முறை கேட்பார்கள். 'மறதி உண்டு' என்றால் விடமாட்டார்கள். கடைசியாக எதை மறந்தீர்கள், அதனால் என்ன இழந்தீர்கள் என்று கேட்பார்கள். இ.எம்.ஐ. தேதி தவறி அபராதம் கட்டியது, கையில் பணம் இருந்தும் மின்கட்டணம் கட்டாமல் ஃபியூஸ் பிடுங்கப்பட்டது, மூன்று வேலை மாறியதன் காரணம் என்று உதாரணங்களை எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடும்.

சிறுவயதுச் சான்றுதான் நம் ஊரில் கடினம். அம்மாவைக் கேட்டால் "தங்கமான பிள்ளை, நல்லாத்தான் படிச்சான்" என்பார். பொய் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைத்ததும், காலை டியூஷன் மாலை டியூஷன் என்று நேரத்தை யாரோ கட்டிக் கொடுத்ததும் அவர் கணக்கில் வராது. அந்தக் கட்டு அவிழ்ந்து ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போன பிறகுதான் பலருக்குச் சரிகிறது. எனவே 'நன்றாகப் படித்தாரா' என்று கேட்பதைவிட 'யார் துணையில் படித்தார், டிபன் பாக்ஸ், குடை எத்தனை தொலைத்தார்' என்று கேட்கும் மருத்துவர் விஷயம் தெரிந்தவர். பழைய ராங்க் கார்டு கிடைத்தால் மதிப்பெண்ணைவிட ஆசிரியர் குறிப்பைக் காட்டுங்கள். பெற்றோர் இல்லையென்றாலோ அவர்களிடம் சொல்ல விருப்பமில்லை என்றாலோ அக்கா, அண்ணன், பள்ளித் தோழர் போதும். இன்றைய நிலையைச் சொல்லக் கணவரோ மனைவியோ வரலாம்.

பெண்கள் இதில் அதிகம் தவறவிடப்படுகிறார்கள். ஓடியாடாமல், சத்தம் போடாமல், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளையைப் பற்றி எந்தப் பள்ளியும் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை. முப்பது வயதில் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டும் முழுதாகத் தேறாதவர்கள், வேலைகள் முடியாமல் குவிவது மனச்சோர்வுக்கு முன்பே உண்டா என்பதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முடிவில் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்தெந்த அறிகுறிகள், எந்த இரண்டு இடங்களில், யார் யாரிடம் கேட்டார்கள், எவற்றை இல்லை என்று ஒதுக்கினார்கள், எந்த வகை (கவனமின்மையா, துறுதுறுப்பா, இரண்டுமா), எவ்வளவு தீவிரம், கையெழுத்திட்டவரின் பதிவு எண். 'ஏடிஹெச்டி இல்லை' என்று முடிந்தால், பிள்ளையின் சிரமத்துக்கு வேறு என்ன காரணம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். 'இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது' என்றால், அடுத்த வகுப்பு டீச்சரின் படிவத்தோடு எப்போது திரும்ப வருவது என்று கேட்டு, அன்றே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.