தெஷாம்போ தெரு, எண் 375: காப்ரியேல் ருவா பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கனடாவின் மேனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகர மையத்திலிருந்து ரெட் நதியைக் கடந்தால் செயின்ட் போனிஃபஸ். பிரெஞ்சு பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. நாவலாசிரியை காப்ரியேல் ருவா 1909இல் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. பழுதுபார்த்துப் புதுப்பித்து 2003இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவரை வாசித்தவர்கள் தவறவிடவே கூடாத இடம். வாசிக்காதவர்கள் ஒரு புத்தகத்தையாவது முடித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அது அழகான பழைய வீடு, அவ்வளவுதான்.

முதலில் கண்ணில் படுவது தூண்கள் வைத்த பெரிய முன் தாழ்வாரம். வறுமையில் வளர்ந்த எழுத்தாளர் என்று படித்துவிட்டுப் போகிறவருக்கு அது குழப்பமாக இருக்கும். ஏழை வீடா இது? அந்தக் கேள்வியோடு உள்ளே போவது நல்லது, ஏனென்றால் இந்த வீட்டின் கதையே அதில்தான் இருக்கிறது. தந்தை லியோன் ருவா அரசாங்க வேலையில் இருந்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகளைப் புல்வெளிப் பிரதேசத்தில் நிலம் காட்டிக் குடியமர்த்துவது அவர் பணி. கையில் சம்பளம் வந்துகொண்டிருந்த 1905இல் இந்த வீட்டைக் கட்டினார். ஆட்சி மாறியபின், 1915இல், ஓய்வூதியத்தை எட்டிவிடும் தறுவாயில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காப்ரியேலுக்கு அப்போது ஆறு வயது; பிறந்த 11 குழந்தைகளில் அவர்தான் கடைசி. வீடு பெரிதாகவே நின்றது, வருமானம் மட்டும் போய்விட்டது. தாய் மெலினா அறைகளை வாடகைக்கு விட்டார், தையல் தைத்தார், கடன் சமாளித்தார்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி இளம்பெண். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். நாங்கள் சென்ற குழுவில் பலருக்கு மாடிக்குப் போகும் அவசரம் இருந்தது. அவர் அதற்கு இடம் கொடுக்காமல், அந்த வேலை நீக்கத்தை நிதானமாக, வருடத்தோடு சொல்லிவிட்டுத்தான் எங்களைப் படியேற்றினார். அதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன்.

மேலே கூரையை ஒட்டிய பரண் அறை. ருவாவின் 'ரூ தெஷாம்போ' ('தெஷாம்போ தெரு') கதைகளை (1955) வாசித்தவர்களுக்கு அந்த அறையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கதையில் வரும் சிறுமி எழுத்தாளராக வேண்டும் என்று முடிவெடுப்பது அங்கேதான். சன்னலருகே நிற்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கீழே அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு எண்ணிச் செலவழிக்கும் குடும்பம், மேலே யாரும் வாடகை கேட்காத ஒரு மூலை. இரண்டுக்கும் நடுவே சில படிகள்தான். அதைப் படித்து அறிவது வேறு, ஏறி அறிவது வேறு.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அதனால் மொழியைப் பற்றிய பகுதி எனக்குத் தனியாகப் பட்டது. 1916இல் மேனிடோபா அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. பாடமொழி ஆங்கிலம் மட்டும். செயின்ட் போனிஃபஸின் கன்னியாஸ்திரிகள் பிரெஞ்சைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கல்வி ஆய்வாளர் வருகிறார் என்றால் பிரெஞ்சுப் புத்தகங்கள் ஒளிந்துகொள்ளும். அப்படிப் படித்த பெண்தான் பிறகு ஆசிரியையானார். 1930 முதல் 1937 வரை அதே ஊரின் ப்ரொவான்ஷே பள்ளியில் சின்னப் பையன்களுக்குப் பாடம் நடத்தினார். வீட்டில் வேறு மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து 1977இல் வந்த 'ஸே ஸான்ஃபான் த மா வீ' ('என் வாழ்வின் இந்தக் குழந்தைகள்') என்ற நூல் அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. வகுப்பறையைப் பற்றி நான் படித்தவற்றில் அதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

வீடு காட்டுவது பெரும்பாலும் இளம் ருவாவைத்தான். 1936இல் வீடு விற்கப்பட்டது. மறுவருடம் சேமித்த பணத்தோடு அவர் ஐரோப்பா போனார். 1939இல் திரும்பியபோது மான்ட்ரியாலில் தங்கிவிட்டார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்தார். அங்கே செயின்ட் ஹென்றி என்ற தொழிலாளர் பகுதியில் நடந்து நடந்து பார்த்ததிலிருந்து 1945இல் 'பொனெர் தொக்காஸியோன்' என்ற நாவல் பிறந்தது. அதன் பாத்திரங்கள்: உணவுக் கடைப் பணிப்பெண் ஃப்ளோரன்டீன், வேலையில்லாமல் கடைசியில் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேரும் அவளுடைய அப்பா. 1947இல் பிரான்சின் ஃபெமினா பரிசு அதற்குக் கிடைத்தது. நூல் மெலினா ருவாவுக்குக் காணிக்கை. ஆனால் மெலினா 1943இலேயே இறந்துவிட்டார். வீட்டைப் பார்த்தபின் அந்தக் காணிக்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

போகும் வழி பற்றி: நகரைச் சுற்றிக் காட்டும் ஒரு பஸ்ஸில்தான் நான் முதலில் அந்தப் பக்கம் போனேன். தெருமுனையில் நிறுத்தாமலே வீட்டைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குக் கொடுத்த பணம் வீண். நடந்து போங்கள். ரெட் நதி மேலுள்ள ப்ரொவான்ஷே பாலத்தைக் கடந்துதான் அந்தக் காலத்தில் மெலினாவும் மகள் காப்ரியேலும் வின்னிபெக்கின் ஈட்டன்ஸ் கடைக்குப் போவார்கள். அங்கே பிரெஞ்சு தெரிந்த விற்பனையாளர் கிடைப்பாரா என்று தாய் தேடுவதையும், கிடைக்காத நாட்களில் மகள் கூனிக் குறுகுவதையும் ருவா தம் தன்வரலாற்றின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். அவர் 1983இல் மறைந்தபின், 1984இல் வெளிவந்த நூல் அது. பாலத்தில் நடந்தவருக்கு அந்தப் பக்கங்கள் எவ்வளவு உண்மை என்று தெரியும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் தாராளமாக. அப்பாவின் வேலை போன கதையை வழியிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள். முன்கூட்டிப் படிக்க ஒரே ஒரு புத்தகம் என்றால் 'ரூ தெஷாம்போ'. ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, சிறிய நூல்தான்.